வேலியைத் தாண்டிய நடேசய்யர்

ஹட்டன் பஸ் நிலையத்தில் இறங்கித் தோட்டத்துக்கு நடக்கும்போது எனக்கு கோ. நடேசய்யரின் நினைவு வரும். நான் குடும்பநல மாது. லயங்களுக்குப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்ப்பது என் வேலை. இன்று என்னை யாரும் வழிமறிப்பதில்லை. அவர் காலத்தில் அப்படியில்லை.

1887இல் தஞ்சாவூரில் பிறந்தவர். அரசாங்க எழுதுவினைஞர் வேலையை விட்டுப் பத்திரிகைக்கு வந்தார். அன்று தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி லயத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். அதனால் புடவை வியாபாரியாக உள்ளே போய், எங்கள் முன்னோரின் நிலையைப் பார்த்து எழுதினார்.

1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’. 1925இல் சட்டநிரூபண சபை உறுப்பினர். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஆட்களைத் திரட்டினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

அந்த வேலி வைத்தியத்தையும் சுற்றியிருந்தது. 1872 முதல் வந்த மருத்துவத் தேவைச் சட்டங்கள் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டத்தோடு கட்டிவைத்தன. டிஸ்பென்சருக்குச் சம்பளம் தோட்டத்தில். காய்ச்சல்காரரை லயத்தில் படுக்கவிட்டால், காலைப் பிரட்டில் ஆள் குறையும். துரைக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்றவர் அவர்தான்.

நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்கும் போனது. அவரை அனுப்பிய தோட்டத்து மக்களில் பெரும்பாலானோருக்கு இனி யாரையும் அனுப்ப முடியாது.

அந்தச் சட்டம் எங்கள் வீட்டிலும் புகுந்தது. அம்மா தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவிக்கு நின்றவர். புண் கட்டுவார், பிள்ளைப்பேற்றுக்குத் துணை போவார். தாதியாக வேண்டுமென்று ஆசை. அரசாங்க வேலைக்குப் பிரஜாவுரிமை வேண்டும்; அம்மாவிடம் அது இல்லை. 1988 சட்டத்தில் பிரஜையானபோது பயிற்சிக்கான வயது கடந்துவிட்டது.

அம்மாவுக்குக் கிடைக்காத சீருடையைத்தான் நான் போட்டிருக்கிறேன். ஆனாலும் தோட்ட வைத்தியத்தை அரசு இன்னும் முழுதாகப் பொறுப்பேற்கவில்லை. நடேசய்யர் புடவை மூட்டையோடு தாண்டிய வேலியில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது.