மூன்று நிமிடச் சண்டையும் புரூஸ் லீயின் ஓட்டமும்

புரூஸ் லீயை எங்கள் ஊர்களில் தெரியாதவர்கள் குறைவு. மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேற்றர் வைத்து இரவிரவாகப் படம் ஓட்டிய வீடுகளில் அவருடைய படங்களும் ஓடின. திரையில் நாங்கள் பார்த்தது அவருடைய உதைகளை மட்டும்தான். அந்த உதைகளுக்குப் பின்னால் பல மைல் ஓட்டம் இருந்தது என்பதை நான் பின்னாளில் வாசித்துத்தான் அறிந்தேன். இப்போது என்னிடம் கராத்தே பழக வரும் பிள்ளைகளை முதலில் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறேன். சண்டை பழக வந்த நாங்கள் எதற்காக ஓடவேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் புரூஸ் லீயின் வாழ்க்கைதான்.

1940 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் அவர் பிறந்தார். தந்தை கன்ரனீஸ் இசைநாடக நடிகர். நாடகக் குழுவோடு அங்கு போயிருந்த குடும்பம், கைக்குழந்தையோடு ஹொங்கொங் திரும்பியது. 1941 டிசம்பர் 25 அன்று ஹொங்கொங் யப்பானியப் படைகளிடம் வீழ்ந்தது. 1945 வரை நீடித்த அந்த ஆக்கிரமிப்பில்தான் அவருடைய முதல் நினைவுகள் உருவாகின. மெலிந்த, நோஞ்சான் பிள்ளை. கிட்டப்பார்வை வேறு.

போர் முடிந்தபின் சீனாவிலிருந்து அகதிகள் வந்து குவிந்த நகரம் அது. தெருக்களிலும் மொட்டைமாடிகளிலும் இளைஞர்கள் குழுவாகச் சண்டையிட்டார்கள். அந்தச் சூழலில், பதின்ம வயதின் தொடக்கத்தில், இப் மான் என்பவரிடம் விங் சுன் என்ற குங்பூ முறையைப் பழகப் போனார். ஃபோஷான் நகரில் வசதியாக வாழ்ந்த இப் மானும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹொங்கொங் வந்து, கலையைக் கற்பித்துப் பிழைத்தவர்தான்.

1959 இல், 18 வயதில், பெற்றோர் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். சியாட்டில் நகரில் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்துகொண்டே படித்தார், குங்பூவும் கற்பித்தார். 1964 இல் லிண்டாவைத் திருமணம் செய்து, ஒக்லண்ட் நகரில் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார்.

அங்குதான் அந்தச் சண்டை நடந்தது. வொங் ஜக் மான் என்ற குங்பூ வீரரோடு மூடிய கதவுக்குள் மோதினார். சண்டை ஏன் வந்தது, யார் வென்றார் என்பதில் இரு தரப்பும் வேறுவேறு கதை சொன்னது. நேரில் பார்த்த லிண்டாவின் கணக்கில் அது மூன்று நிமிடம். லீதான் வென்றார் என்பது அவர் பக்கம். ஆனால் வென்றவர் மகிழவில்லை. சில நொடிகளில் முடியவேண்டிய சண்டை இழுபட்டது. எதிராளியைத் துரத்தியதில் மூச்சு வாங்கியது, கை சோர்ந்தது. அத்தனை வருடம் பழகிய நுட்பம் கையில் இருந்தும், அதைச் செலுத்த உடலில் காற்று இல்லை. அப்போது அவருக்குச் சுமார் 24 வயது.

அதன்பின் அவர் தன் பயிற்சியையே மாற்றினார். குத்துச்சண்டை வீரர்கள் விடியற்காலையில் வீதியில் ஓடுவதைத் தானும் எடுத்துக்கொண்டார். ஒரே வேகத்தில் ஓடுவதோடு நிற்காமல், சிறிது தூரம் பாய்ந்து, பிறகு மெதுவாக்கி, மீண்டும் பாய்வார். சண்டையும் அப்படித்தான். சில நொடிகள் முழுவேகம், பிறகு விலகி மூச்சை மீட்கவேண்டும். நிதானமான நீண்ட ஓட்டம் இதயத்தைப் பலப்படுத்தும். இடையிடையே பாய்வது மூச்சை விரைவாக மீட்கப் பழக்கும். கயிறு தாண்டுதல், சைக்கிள், எடைப்பயிற்சி எல்லாம் கூடவே சேர்ந்தன. 1967 இல் தன் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தார்.

அவருடைய மாணவர்களில் ஒருவர் ஸ்ரேர்லிங் சிலிபன்ற் என்ற திரைக்கதை ஆசிரியர். லீயைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். இருவரும் மூன்று மைல் ஓடுவது வழக்கம். ஒருநாள் லீ ஐந்து மைல் ஓடவைத்தார். இன்னும் ஓடினால் செத்துவிடுவேன் என்று அவர் சொன்னபோது, அப்படியென்றால் சாகலாம் என்று லீ பதில் சொன்னார். கோபத்தில் சிலிபன்ற் ஐந்து மைலையும் ஓடி முடித்தார். எதற்கும் எல்லை வைத்தால் அது வாழ்க்கை முழுக்கப் பரவிவிடும் என்பது லீ தந்த விளக்கம்.

இந்தக் கதையைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். நான் என் பிள்ளைகளிடம் இதோடு நிறுத்துவதில்லை. 1970 இல் உடலைச் சூடாக்காமல் பாரம் தூக்கியதில் லீயின் முதுகு பாதிக்கப்பட்டது. இனி உயர உதைக்க முடியாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். மாதக்கணக்கில் படுக்கை. லிண்டா வேலைக்குப் போனார். இரண்டு பிள்ளைகளை வீட்டில் அவர் பார்த்துக்கொண்டார். படுத்தபடி வாசித்தார், குறிப்பேடுகளை எழுதி நிரப்பினார். அவற்றிலிருந்துதான் அவர் இறந்தபின் 1975 இல் அவருடைய புத்தகம் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடலை மீட்டார். முதுகுவலி கடைசிவரை போகவில்லை. வலியை வைத்துக்கொண்டு எப்படிப் பழகுவது என்பதை அவர் கற்றுக்கொண்டார்.

எனக்கு இந்த இரண்டாவது புரூஸ் லீதான் நெருக்கமானவர். என் வலது காலில் இன்றும் ஒரு செல்துண்டு இருக்கிறது. மழைக்காலத்தில் அது தன் இருப்பைச் சொல்லும். என்னிடம் பழக வரும் பெரியவர்களிலும் காயப்படாத உடம்போடு வருபவர்கள் சிலர்தான். செத்தாலும் ஓடு என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. சாவை அருகில் பார்த்தவர்கள் அவர்கள். உயிர் தப்ப ஓடியது எங்களுக்குத் தெரியும். உடம்பைக் கட்டியெழுப்ப ஓடுவதைத்தான் புதிதாகப் பழகவேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் நடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிகிற வேகம் போதும். பழைய காயம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும்.

படுக்கையிலிருந்து எழுந்த லீ 1971 இல் தாய்லாந்தில் ஒரு படத்தில் கதாநாயகனாக நடித்தார். அடுத்த ஆண்டில் ஆசியா முழுவதும் அவர் பெயர் பரவியது. 1973 மே மாதத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் மயங்கி விழுந்தார். பரிசோதித்த அமெரிக்க வைத்தியர்கள் உடல் நன்றாக இருக்கிறது என்றார்கள். யூலை 20 அன்று, தலைவலிக்கு ஒரு மாத்திரை எடுத்துவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. மூளை வீங்கியிருந்தது. வயது 32. உலகப் புகழைத் தந்த என்ரர் த ட்ராகன் அதற்கு அடுத்த மாதம்தான் திரைக்கு வந்தது. அவருடைய கல்லறை சியாட்டிலில் இருக்கிறது.

இவ்வளவு ஓடியவரே 32 வயதில் போய்விட்டாரே, பிறகு ஏன் ஓடவேண்டும் என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. ஓட்டம் ஆயுளுக்கு உத்தரவாதம் தராது. அந்த மூன்று நிமிடச் சண்டையில் அவருக்குக் கிடைக்காத மூச்சை, பிறகு அவர் உழைத்துச் சம்பாதித்தார். முதுகு பாதிக்கப்பட்ட நாட்களுக்குப் பின்னும் மறுபடி தொடங்கினார். அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்.