பாவ்லோவ் ஆய்வகத்தில் மெண்டலுக்கு ஏன் சிலை?

பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கு மெசேஜ் வந்த சத்தம் 'டிங்'னு கேட்குது. உங்க போன் சைலன்ட்டில்தான் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஆனாலும் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். இதைப் பார்த்து நண்பர்களில் யாராவது ஒருத்தர் பாவ்லோவ் நாய் கதையை எடுத்துவிடுவார். மணி அடிச்சா எச்சில் ஊறுமே, அந்த நாய்.

நாயைத் தெரிந்த அளவுக்கு நமக்கு அந்த மனுஷரைத் தெரியாது. பழக்கினால் எதையும் எப்படியும் மாற்றிவிடலாம் என்று நிரூபித்தவர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால், கடைசிக் காலத்தில் லெனின்கிராடுக்குப் பக்கத்தில் கொல்துஷி என்ற கிராமத்தில் அவர் உருவாக்கிய ஆய்வகத்தின் முன்னால், மெண்டலுக்குச் சிலை வைத்தார்கள். பட்டாணிச் செடிகளை வளர்த்து, குணங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படிக் கடத்தப்படுகின்றன என்று கண்டுபிடித்த அதே மெண்டல்தான். பழக்கத்தை ஆராய்ந்தவருக்குப் பரம்பரை மேல் என்ன அக்கறை?

இவான் பாவ்லோவ் 1849-ல் ரஷ்யாவின் ரியாசான் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார். அம்மாவும் பாதிரியார் வீட்டுப் பெண். மூத்த பையனும் அதே வழியில் போவான் என்பதுதான் வீட்டின் கணக்கு. சின்ன வயதில் உயரத்திலிருந்து விழுந்து பலமான அடி. அதனால் பள்ளிக்கூடம் போனதே 11 வயதில்தான். பாதிரியார் படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது கைக்குக் கிடைத்த அறிவியல் புத்தகங்கள் ஆளையே மாற்றிவிட்டன. டார்வின் ஒரு பக்கம் இழுத்தார். மூளையின் வேலைகளையும் அனிச்சைச் செயல்களாக விளக்க முடியும் என்று எழுதிய செச்செனோவ் இன்னொரு பக்கம். 1870-ல் அந்தப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அடுத்த 20 வருஷம் கஷ்ட ஜீவனம். கல்யாணம் ஆகியும் கையில் காசு இல்லை, முதல் குழந்தையும் தங்கவில்லை. பேராசிரியர் வேலை கிடைத்தபோது அவருக்கு 40 வயது ஆகியிருந்தது. ஆனால், அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்து, வயிற்றில் செரிமான நீர் எப்போது, எவ்வளவு சுரக்கிறது என்று அளந்தார். (அந்த நீரைப் பிடித்து, செரிமான மருந்தாக விற்று ஆய்வகத்துக்கு வருமானம் பார்த்த கதையும் உண்டு!) 1904-ல் நோபல் பரிசு வந்தது இந்தச் செரிமான ஆராய்ச்சிக்குத்தான். எச்சில் கதைக்காக இல்லை.

அந்த மணியைப் பற்றியும் ஒரு திருத்தம். கார்ட்டூன்களில் வருவதுபோல அவர் கையில் மணியோடு நாய் முன்னால் நிற்கவில்லை. பெரும்பாலும் பயன்படுத்தியது மெட்ரோனோம், அதாவது இசை வகுப்பில் தாளத்துக்கு 'டிக் டிக்' என்று அடிக்கும் கருவி. கூடவே பஸ்ஸர், விளக்கு வெளிச்சம், தோல் மேல் லேசான தொடுகை. சாப்பாட்டோடு சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தால் இதில் எதற்கு வேண்டுமானாலும் எச்சில் ஊறவைக்கலாம். சொட்டுச் சொட்டாக எண்ணினார்கள். அந்த நாய்கள் பட்ட பாடு தனிக் கதை. இன்றைக்கு அதைப் படிக்கும்போது மனசு கொஞ்சம் பிசையத்தான் செய்கிறது.

சரி, ஒரு தலைமுறை கற்றுக்கொண்ட பழக்கம் குட்டிகளுக்கும் போகுமா? இந்த ஆசையில்தான் பாவ்லோவ் சறுக்கினார். மணி அடித்தால் சாப்பாடு இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும் என்று அவருடைய ஆய்வகத்தில் வெள்ளை எலிகளைப் பழக்கினார்கள். (ஆமாம், இங்கே நிஜமாகவே மணிதான்!) முதல் தலைமுறைக்கு 300 தடவை தேவைப்பட்டது. அடுத்த தலைமுறைக்கு 100, அதற்கடுத்து 30, அப்புறம் 10, ஐந்தாவது தலைமுறைக்கு வெறும் 5. 1923-ல் அமெரிக்காவில் இந்தக் கணக்கை அறிவித்தார். இப்படியே போனால் ஒரு தலைமுறை எலி, பயிற்சியே இல்லாமல் மணிக்கு ஓடும் என்றும் எதிர்பார்த்தார்.

மரபணு ஆராய்ச்சியாளர்கள் நம்பவில்லை. உடம்பு கற்றுக்கொண்டது விந்துவுக்கும் முட்டைக்கும் எப்படிப் போய்ச் சேரும்? சோதனையைக் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த அதிசயம் காணாமல் போனது. எலிகள் தேறவில்லை, எலிகளைப் பழக்கியவரின் கைதான் வருஷத்துக்கு வருஷம் தேறியிருக்கிறது என்பது அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரு விளக்கம். உலகமே கொண்டாடிய மனுஷர், வயது 70-ஐத் தாண்டியவர். அமைதியாக இருந்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால், அந்த முடிவு செல்லாது என்று வெளிப்படையாகவே திரும்பப் பெற்றார். எனக்கு நோபல் பரிசைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அமெரிக்காவில் அந்தக் கணக்கை அறிவித்த அடுத்த வருஷமே இயற்கை அவருக்கு இன்னொரு சோதனை வைத்தது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம். நாய்க்கொட்டகைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போக, கூண்டுக் கதவுகளோ தாழ்வானவை. மூச்சுத் திணறிய நாய்களைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க முடிந்தது. நாய்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால், மாதக்கணக்கில் பழக்கிய பழக்கம் சில நாய்களுக்குச் சுத்தமாக அழிந்துபோனது. அதில் ஒன்று, ரொம்ப நாள் கழித்துத்தான் தேறி வந்தது. அறையின் கதவிடுக்கு வழியாக மெல்லிசாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான், நாய் மறுபடியும் பழைய நிலைக்கே போய்விட்டது.

இதில் பாவ்லோவைத் தூங்கவிடாமல் செய்திருக்கக்கூடிய விஷயம் வேறு. அதே வெள்ளத்தில் மாட்டிய வேறு சில நாய்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதே தண்ணீர், அதே பயம், ஆனால் பாதிப்பு வேறு. அப்போ பிறப்பிலேயே நரம்பு மண்டலத்தில் ஏதோ வித்தியாசம் இருக்க வேண்டும். நாய்களை வலுவானவை, பலவீனமானவை, அவசரக்காரை, நிதானமானவை என்று குணவாரியாகப் பிரிப்பதில் தீவிரமாக இறங்கினார். கொல்துஷி ஆய்வகம் இதற்காகத்தான். ஜீன் என்ன தருகிறது, வளர்ப்பு என்ன தருகிறது என்று நாய்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்ப்பது திட்டம். மெண்டல் சிலை அங்கே வந்தது அப்படித்தான். பக்கத்திலேயே செச்செனோவுக்கும் டெகார்டுக்கும் சிலைகள்.

1930-களில் அங்கே நடந்த ஒரு சோதனை ரொம்ப எளிமையானது. ஒன்றாகப் பிறந்த நாய்க்குட்டிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிக் குட்டிகள் கூண்டுக்குள், மீதி வெளியே இஷ்டம்போல. கூண்டில் வளர்ந்தவை பெரிதான பிறகும் சின்னச் சத்தத்துக்கே பதுங்கின, புது இடத்தில் காலை எடுத்து வைக்கவே நடுங்கின. புதுசாக எதைப் பார்த்தாலும் பயப்படுவது எல்லாக் குட்டிகளுக்கும் இயல்பு. வெளியே ஓடியாடுகிற குட்டிக்கு அது போகப்போகத் தேய்ந்துவிடும். கூண்டுக் குட்டிக்குத் தேயவே இல்லை. இதற்கு முன்னால் பயந்தாங்கொள்ளி நாய் என்றாலே பிறவியிலேயே பலவீனமானது என்று பாவ்லோவ் கணக்குப் போட்டிருந்தார். நரம்பு வலுவாக இருந்தும், வளர்ந்த விதத்தால் மட்டுமே பயப்படும் நாய்களைப் பார்த்ததும் அந்தக் கணக்கையும் மாற்றிக்கொண்டார்.

மனுஷங்க விஷயத்திலும் பிறப்பை வைத்து ஆளை முடிவு செய்வது அவருக்குப் பிடிக்காது. 1920-களில் பாதிரியார் வீட்டுப் பிள்ளைகளை அவர் வேலை பார்த்த ராணுவ மருத்துவக் கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள். தானும் பாதிரியார் மகன்தான் என்று சொல்லி அந்தப் பதவியை உதறினார். கடவுள் நம்பிக்கையை எப்போதோ விட்டவர் செய்த வேலை இது! சோவியத் அரசோ அவரைக் கைவிடவும் முடியாமல், கட்டுப்படுத்தவும் முடியாமல் தவித்தது. லெனின் காலத்தில் அவருக்கென்றே தனி ரேஷன் கொடுக்க உத்தரவு போட்டிருந்தார்கள். அதற்கப்புறமும் கைதுகளையும் பயமுறுத்தலையும் கண்டித்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

1936 பிப்ரவரியில், 86 வயதில், நிமோனியாவால் இறந்தார். 12 வருஷம் கழித்து, 1948-ல், மெண்டல் வழி மரபியலை சோவியத் ஒன்றியத்தில் அதிகாரபூர்வமாக ஒதுக்கிவைத்தார்கள். சூழலை மாற்றினால் பரம்பரையே மாறிவிடும் என்று சொன்ன லிசென்கோ கை ஓங்கியிருந்தது. 1950-ல் பாவ்லோவ் பெயரிலேயே பெரிய கூட்டம் போட்டார்கள். பாவ்லோவ் வழியிலிருந்து விலகிவிட்டதாகச் சொல்லி அங்கே சிலரைக் குற்றம்சாட்டினார்கள். அதில் பதவி இழந்தவர்களில் முக்கியமானவர் ஆர்பெலி. பாவ்லோவின் நேரடி மாணவர், அவருக்குப் பிறகு கொல்துஷியில் மரபியல் ஆராய்ச்சியைக் காப்பாற்றி வந்தவர்.