பட்டம் பெறாத பேராசான்

மனித மரபியலின் முன்னோடிகளை எண்ணத் தொடங்கினால், அறிவியலில் ஒரு பட்டமும் பெறாத ஒருவரை முதல் வரிசையில் வைக்க நேரும். அவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1892இல் ஆக்ஸ்போர்டில் பிறந்த அவர், அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறியவை கணிதமும், கிரேக்க இலத்தீன இலக்கியத்தோடு மெய்யியலுமே. இலக்கியம் பயிற்றும் என்போன்றோர்க்குச் சற்றே பெருமிதம் தரும் செய்தி இது!

உயிரியலில் அவர்தம் ஆசான் தந்தையே. உடலியல் அறிஞரான ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கங்களின் நச்சுக்காற்றை ஆராயச் செல்கையில் சிறுவனான மகனையும் உடனழைத்துச் சென்றார். தம் உடலையே ஆய்வுக்களமாக்கும் துணிவு அவ்வழி வந்தது. எலிகளில் இரு பண்புகள் பிணைந்து வழிவருவதைத் தங்கை நவோமியுடனும் நண்பர் ஸ்ப்ரண்டுடனும் ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1915இல் வெளிவந்தது. அதற்குள் ஸ்ப்ரண்டைப் போர் கொண்டுபோயிற்று.

கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் பயிற்றியபின், 1933இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார். குருதி உறையாமை நோயுற்ற ஆண்களுட் பலர் அக்காலத்தில் மகப்பேறின்றி இளமையிலேயே மடிந்தனர். ஆயினும் அந்நோய் உலகினின்று அழியவில்லை. எனவே, இழக்கப்படும் அளவுக்குப் புதிய மரபணு மாற்றங்கள் தோன்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று கணித்து, அவ்வீதத்தை ஏறத்தாழ 50,000இல் ஒன்று என 1935இல் மதிப்பிட்டார். 1937இல் ஜூலியா பெல்லுடன் இணைந்து, அந்நோயும் நிறக்குருடும் ஒரே குரோமோசோமில் பிணைந்திருத்தலை நிறுவினார்.

பொதுவுடைமைப் பற்றால், வாவிலோவ் 1943இல் சோவியத்துச் சிறையில் மடிந்த பின்னரும் லைசென்கோவை வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். அவர் பெருமை கருதி இதனை மறைத்தல் தகாது.

மாணவரைத் தேர்வதிலும் அவர் பட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. வானூர்திப் பொறியாளராயிருந்த ஜான் மேனார்டு ஸ்மித் அவரிடம் பயின்றே படிமலர்ச்சி அறிஞரானார். 1957இல் ஹால்டேன் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வந்து, இந்திய உடை உடுத்து, இந்தியக் குடிமகனும் ஆனார். விலைமிக்க கருவிகள் இல்லையே என ஏங்காது கண்முன் உள்ளதை எண்ணிப் பார்க்குமாறு இந்திய மாணவரைப் பணித்தார். டேவிஸ் தென்னைகளின் இடவலத் திருகலை எண்ணினார். ஜெயகர் பறவைக் கூடுகளைக் கண்காணித்தார். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் தென்னாட்டு வழக்கம் மனித மரபியலுக்கு அரிய களம் என ஹால்டேன் கருதினார். ஆந்திரத்தில் அதனை ஆராய்ந்தவர் கிருஷ்ண துரோணம்ராஜு. மேனாட்டார் தம் வீட்டில் எளிதில் காணவியலாத களமன்றோ அது!

நிறுவனத்தோடு முரண்பட்டு 1961இல் விலகிய ஹால்டேன், புவனேசுவரத்தில் புதிய ஆய்வகம் அமைத்தார். அங்கே 1964 டிசம்பர் 1ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி, உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர் பயிலும்பொருட்டு அளிக்கப்பட்டது.