தகவல் சொன்ன தென்கச்சியார்

தொழில்பேட்டையில் வெள்ளிக்கிழமை விடுமுறைக்குக் கூடும் நம் அன்பர்களிடையே ஊர்ப் பேச்சு எழுந்தால், ஒரு குரலைப் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். சென்னை வானொலியில் காலை வேளையில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்ன திரு. தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்களின் குரல் அது. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. ஆகவே அவரைப் பற்றிச் சிறிது எழுதுகிறோம்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள தென்கச்சிப் பெருமாள்நத்தம் அவரது சொந்த ஊர். சுவாமிநாதன் என்றால் எந்தச் சுவாமிநாதன் என்று கேட்பவர்கள்கூட, தென்கச்சி என்றதும் புரிந்துகொள்வார்கள். வேளாண்மையில் பட்டம் பெற்று, வேளாண்மை அலுவலராக வேலை தொடங்கியவர். 1977-ல் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் பண்ணை ஒலிபரப்புக்கு வந்து சேர்ந்தார்.

பண்ணை ஒலிபரப்பு என்றால் ஏதோ உரமும் பூச்சிமருந்தும் என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைத் திருச்சி வானொலி தஞ்சை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தது; அவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! அந்த வேலைக்கு இலக்கணத் தமிழ் உதவாது. வரப்பில் நிற்பவரும், மாட்டுக்குத் தீனி வைப்பவரும் கைவேலையை நிறுத்தாமல் கேட்க வேண்டும். கொஞ்சம் உபதேச வாடை அடித்தாலும் பெட்டியை மூடிவிடுவார்கள். தென்கச்சியார் பேசக் கற்ற பள்ளிக்கூடம் இதுதான் என்பது எங்கள் எண்ணம். பின்னாளில் கிடைத்த புகழுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1984-ல் சென்னை நிலையத்துக்கு மாறினார். 1980-களின் பிற்பகுதியில் ‘இன்று ஒரு தகவல்’ தொடங்கியது. பத்தாண்டுகளுக்கு மேல் நடந்தது. ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள்தான். ஒரு செய்தியை எடுத்துக்கொள்வார். அது மருத்துவமாகவும் இருக்கலாம், வேதாந்தமாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம். அவசரமே படாமல், திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலச் சொல்லிக்கொண்டு போவார். கடைசியில் ஒரு குட்டிக்கதை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்க மாட்டார். தகவல் எங்கே முடிந்து வேடிக்கை எங்கே தொடங்கியது என்று பிரித்துப் பார்க்க முடியாது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்களும், பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரிக்கொண்டிருந்த பிள்ளைகளும் அந்த நேரத்தில் வாய்மூடிக் கேட்டதை எங்கள் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம்.

அந்தத் தகவல்கள் பல தொகுதிகளாகப் புத்தகமாகவும் வந்தன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அச்சில் படித்தால் சில கதைகள் முன்பே கேட்டவை போலச் சப்பென்று இருக்கும். அந்த இழுவையும், இடையில் விடும் மௌனமும் காகிதத்தில் ஏறவில்லை. அவர் வானொலிக்காரர், காதுக்கென்றே செய்தார்.

சென்னையின் மத்திய அலை தோஹாவை எட்டாது. நமக்கு அவர் பெட்டியில் வந்தார். விடுமுறை முடிந்து திரும்புகிறவர்கள் ஊறுகாய், அப்பளத்தோடு அவர் பேச்சு அடங்கிய கேசட்டையும் கொண்டுவருவார்கள். கேம்ப் அறையில் ஒரு டேப் ரிக்கார்டர், அதைச் சுற்றி எட்டுப் பேர்! ஓர் அன்பரின் தாயார், தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பும் கேசட்டில் முதலில் தென்கச்சியாரின் தகவல்கள் இரண்டை வானொலியிலிருந்து பதிந்து, அதற்குப் பிறகுதான் வீட்டுச் செய்தி பேசுவார். மகன் முதலில் சிரிக்கட்டும், கடன் விஷயமெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளட்டும் என்று அந்த அம்மாள் நினைத்தார் போலும்.

உதவி நிலைய இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்து ஓய்வு பெற்றார் தென்கச்சியார். அதன் பிறகு தொலைக்காட்சியிலும் தோன்றினார். அந்த முகம் நமக்குப் புதியது; குரல் கேட்டபிறகே ஆளைத் தெரிந்துகொண்டோம். 2009 செப்டம்பர் 16 அன்று சென்னையில் காலமானார்.

அந்த அன்பரின் தாயாரும் இப்போது இல்லை. கேசட்டை மட்டும் அவர் வைத்திருக்கிறார். ஓடவிடக் கருவி கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கிறார். நம் குடும்பங்களில் யாரிடமாவது நல்ல நிலையில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம்.