தகரக் கழுதையைப் பறக்கவிட்ட பேராசிரியர்

ஆகாய விமானத்தின் சரித்திரத்தைப் படிக்கும் மாணவர் யாவரும் ரைட் சகோதரரை அறிவர். ஆனால், காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய பிரயாணியை மழையும் குளிரும் தாக்காத அறையொன்றில் இருத்தி ஏற்றிச் செல்வதற்கென்றே முழு உலோக விமானத்தை முதலிற் கட்டியவர் யாரென வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. அவர் ஜேர்மனியரான ஹியூகோ யுங்கர்ஸ். விமானத் துறையிற் புகுந்தபோது அவர் இளைஞருமல்லர், விமானியுமல்லர். ஐம்பது வயதை எட்டிய பேராசிரியர். குளியலறைகளுக்கு வெந்நீர்க் கலங்கள் செய்து விற்றுப் பொருளீட்டியவர்.

1859ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி றைட் என்னும் ஊரில், நெசவாலை உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பொறியியல் கற்றபின் டெஸ்ஸவ் நகரில் வாயு யந்திரங்களை ஆராய்ந்தார். எரிவாயுவின் வெப்பத்தை அளக்கும் கருவியொன்றை அமைத்து 1892இல் ஆக்கவுரிமை பெற்றார். அந்தக் கருவியின் வழியே பிறந்தவைதாம் வெந்நீர்க் கலங்கள். அவற்றைச் செய்ய 1895இல் தொழிற்சாலை நிறுவினார். 1897 முதல் 1912 வரை ஆகன் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியிற் பேராசிரியராகவும் விளங்கினார். அங்கே உடனாசிரியரான ஹான்ஸ் றைஸ்னர் விமானமொன்று கட்ட முற்பட்டு, அதன் சிறகுகளுக்கு உலோகத் தகடு செய்துதரும்படி இவரை நாடினார். அன்று பற்றிய ஆவல் இறுதிவரை அவரை விடவில்லை.

அக்காலத்து விமானங்கள் மரச் சட்டத்தின்மேற் சீலை போர்த்தவை. இரட்டைச் சிறகுகளைத் தாங்குகாலும் இழுகம்பியும் பிணைத்து நின்றன. அவையனைத்தும் காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைத்தன. சிறகைத் தடிப்பாக்கி, தாங்கும் உறுப்புக்களை அதனுள்ளேயே ஒளித்துவிட்டால் வெளிக்கம்பிகள் எதற்கு என்று யுங்கர்ஸ் எண்ணினார். 1910இல் இந்த எண்ணத்திற்கும் ஆக்கவுரிமை பெற்றார். 1915 டிசம்பரில், முதலாம் உலக யுத்தத்தின் நடுவே, உருக்குத் தகட்டாலான அவருடைய முதல் விமானம் நிலத்தைவிட்டு எழுந்தது. இரும்பு பறக்குமா என்று நகைத்தவர்கள் அதற்குத் தகரக் கழுதை என்று பெயரிட்டனர். கழுதை பறந்தது, ஆனால் பாரம் மிகுதி. ஆகவே அவர் டுரலுமின் என்னும் இலேசான கலப்புலோகத்திற்கு மாறினார். மெல்லிய தகடு மடங்காதிருக்க அதனை நெளிநெளியாக வளைத்தார். அந்நெளிவு காற்றுக்கு ஓரளவு தடையாயிற்று என்பதும், அவர் அதை நெடுங்காலம் விடாப்பிடியாகக் கைக்கொண்டார் என்பதும் உண்மையே.

யுத்தம் முடிந்ததும் பிறர் எஞ்சிய போர் விமானங்களுக்கு ஆசனம் பொருத்திப் பிரயாணிகளை ஏற்றினர். யுங்கர்சோ புதிதாகவே ஒன்றைக் கட்டுவித்தார். ஒட்டோ றொய்ற்றர் வரைந்த எஃப் 13 என்னும் அவ்விமானம் 1919 ஜூன் 25ஆம் திகதி பறந்தது. வெர்சேல்ஸ் உடன்படிக்கை கைச்சாத்தாவதற்கு மூன்று நாட்களே இருந்தன! நால்வர் அமரும் மூடிய அறை, மெத்தை ஆசனங்கள், குளிர்போக்கும் சூடு, இடுப்புக்குக் கச்சை. விமானிகளோ திறந்த வெளியிலேயே காற்றை வாங்கிக்கொண்டு அமர்ந்தனர். 300க்கு மேற்பட்டவை கட்டப்பட்டுக் கொலம்பியா முதல் பாரசீகம் வரை பறந்தன.

விற்பனை எளிதாயிருக்கவில்லை. போரில் எஞ்சிய விமானங்கள் மலிந்து கிடந்தன. 1921 மே முதல் ஓராண்டுக்கு ஜேர்மனியில் விமானம் கட்டவே நேச நாடுகள் தடை விதித்தன. யுங்கர்ஸ் மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள ஃபிலியில் ஆலை வைத்தார். விமானப் போக்குவரத்துக் கம்பெனியும் நடத்தினார். கணக்கு வழக்கில் அவர் சமர்த்தரல்லர். ஈட்டியதையெல்லாம் ஆராய்ச்சியிலே கொட்டினார். கடன் மிகவே அவருடைய போக்குவரத்துக் கம்பெனி அரசின் கைக்குப் போய், 1926இல் லுஃப்ற் ஹன்சா என்னும் புதுக் கம்பெனியோடு இணைக்கப்பட்டது. 1932இல் வெந்நீர்க் கல ஆலையைப் பொஷ் கம்பெனிக்கு விற்று விமானத் தொழிலைக் காத்துக்கொண்டார். மூன்று யந்திரம் பூண்ட யூ 52 அவ்வாண்டிலேயே பறந்தது.

அந்தத் தொழிலும் அவருக்கு நிலைக்கவில்லை. 1933இல் ஆட்சியைக் கைப்பற்றிய நாஸிகளுக்கு ஆகாயப்படை வேண்டியிருந்தது. யுங்கர்சோ பிரயாணி விமானத்தில் மனம் வைத்தவர்; ஜனநாயகப் பற்றுடையவர். ஆக்கவுரிமைகளை ஒப்புவிக்குமாறு நெருக்கினர். தேசத்துரோக வழக்கென அச்சுறுத்தினர். நெருக்கியவர்களுள் முதன்மையான எர்ஹார்ட் மில்ஹ் ஒருகாலத்தில் இவருடைய போக்குவரத்துக் கம்பெனியிலேயே ஊதியம் பெற்றவர். எழுபத்துநான்கு வயது முதியவர் முதலில் ஆக்கவுரிமைகளிலும், ஒக்டோபரிற் பங்குகளில் 51 வீதத்திற்கும் கையொப்பமிட்டார். டெஸ்ஸவ் நகருக்குள் கால் வைக்கவும் தடை வந்தது. பவேரியாவில் வீட்டுக்காவலில் நாட்களைக் கழித்தார்.

1935 பெப்ரவரி 3ஆம் திகதி, தம் எழுபத்தாறாவது பிறந்தநாளன்றே, மியூனிக் அருகே காலமானார். எஞ்சிய பங்குகளை அவருடைய விதவை அரசுக்கு விற்க நேர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், அவர் வரையாத, அவர் விரும்பியிராத குண்டுவீச்சு விமானமாகிய யூ 87 அவர் பெயரைத் தாங்கிப் பறந்தது. 1939இல் போலந்து மக்கள் யுங்கர்ஸ் என்னும் பெயரை அறிந்தது அதன் ஓலத்தினாலேதான். எஃப் 13இன் சில பிரதிகள் ஐரோப்பிய நூதனசாலைகளில் இருக்கின்றன. அதே அமைப்பிற் புதிதாகக் கட்டப்பட்ட ஒன்று 2016 செப்டெம்பரிற் சுவிற்சலாந்தில் மீண்டும் பறந்தது.