சுமை தூக்கியவர் தொட்ட சிகரம்

1953 மே 29 ஆம் திகதி முற்பகல் 11.30 மணியளவில் எட்மண்ட் ஹிலறியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் சிகரத்தில் நின்றனர். அந்நாளை நினைவுகூரும்போதெல்லாம் துணிவும் விடாமுயற்சியுமே பெரிதாகப் பேசப்படுகின்றன. அவை இன்றியமையாதவைதாம். ஆயினும் எதைக் கொண்டு செல்வது, எவ்வளவு கொண்டு செல்வது, அதை யார் சுமப்பது என்ற கேள்விகளுக்குக் கண்ட விடையிலேயே அவ்வெற்றி பெரிதும் தங்கியிருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்த விடையை நூல்களிலன்றித் தமது முதுகிலேயே கற்றவர் டென்சிங்.

1914 ஆம் ஆண்டளவில் இமயமலைப் பிரதேசத்தின் எளிய ஷெர்பாக் குடும்பமொன்றிற் பிறந்த அவருக்கு எழுத்தறிவு பெறும் வாய்ப்புக் கிட்டவில்லை. பதினெட்டு வயதளவில் வேலை தேடி டார்ஜிலிங் சென்றார். மலையேறும் வெளிநாட்டவர் சுமைகாரரைத் தெரிவு செய்யும் இடமாக அந்நகர் அக்காலத்தில் விளங்கியது. 1935 இல் எரிக் சிப்டன் தலைமையிலான குழுவிற் சுமைகாரராகச் சேர்ந்ததே எவரெஸ்டுடன் அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பாகும். 1938 இல் 8,200 மீற்றருக்கும் மேலான முகாமுக்குச் சுமை கொண்டு சென்று, ‘புலி’ என்னும் விருதையும் பெற்றார்.

போதிய ஆயத்தமின்றி மலையை அணுகுவதன் விளைவை அவர் இருமுறை கண்டார். 1947 இல் ஏர்ள் டென்மன் என்பவர் சொற்ப உபகரணங்களுடன், அனுமதியும் இன்றி, திபெத் வழியாக எவரெஸ்டை நாடியபோது டென்சிங் உடன் சென்றார். கடுங்குளிரும் புயலும் அவர்களைத் திருப்பியனுப்பின. 1952 வசந்தகாலத்திற் சுவிஸ் குழுவினருடன் சென்றபோது கிடைத்த பாடம் இதனினும் கடுமையானது. அவரும் ரேமண்ட் லம்பேர்ட்டும் ஏறத்தாழ 8,400 மீற்றர் உயரத்தில், படுக்கைப்பையும் அடுப்புமின்றி, ஒரு கூடாரத்தில் இரவைக் கழித்தனர். மெழுகுதிரிச் சுடரிற் சிறிதளவு பனியை உருக்கியே தாகந் தணித்தனர். அவர்களின் ஒட்சிசன் கருவியோ நடக்கும்போது பயன்படவில்லை. மறுநாள் சுமார் 8,595 மீற்றர் வரை ஏறித் திரும்பினர். அவர்களிடம் துணிவு குறைந்திருக்கவில்லை. நீரும் காற்றும் உறக்கமுமே குறைந்திருந்தன.

அவ்வாண்டின் பிற்பகுதியில் மீண்டும் சென்று தோல்வியுடன் திரும்பிய டென்சிங், மலேரியாவினாற் பீடிக்கப்பட்டு மெலிந்துபோனார். எனினும் அடுத்த ஆண்டின் பிரித்தானியக் குழுவில் சேர இசைந்ததும், அதிகாலையில் எழுந்து, முதுகுப்பையிற் கற்களை நிரப்பி, டார்ஜிலிங்கின் மேடு பள்ளங்களில் ஏறியிறங்கித் தம்மைத் தயார்ப்படுத்திக் கொண்டார்.

ஜோன் ஹண்ட் தலைமையிலான அக்குழுவின் ஆயத்தம் விரிவானது. உடலியல் ஆய்வாளர் கிறிபித் பியூ, உயரமான இடங்களில் உடல் பெருமளவு நீரை இழப்பதைச் சுட்டிக்காட்டி, பனியை உருக்கத் தகுந்த அடுப்புகளும் எரிபொருளும் மேல் முகாம்கள் வரை செல்ல வேண்டுமென வலியுறுத்தினார். பல தொன் பொருட்களை 350 இற்கும் அதிகமான சுமைகாரர் காத்மண்டு அருகிலிருந்து முதுகிற் சுமந்து சென்றனர். இறுதி முகாமில் ஹிலறியும் டென்சிங்கும் இனிப்பிட்ட எலுமிச்சைப் பானத்தை வேண்டியமட்டும் அருந்தினர். மூன்று நாட்களுக்கு முன் தென் உச்சியைத் தொட்டுத் திரும்பிய இவான்ஸும் போர்டிலனும் வழியில் விட்டுச்சென்ற ஒட்சிசன் உருளைகள், இவர்களின் இறங்குபயணத்துக்கு உதவின. அந்த அதிகாலையில் ஹிலறி தமது காலணிகள் உறைந்து கிடக்கக் கண்டு, அடுப்பில் வாட்டியே அணிய நேர்ந்தது. டென்சிங்கோ காலணிகளைக் கழற்றாமலே உறங்கியிருந்தார்.

அன்று அவர் அணிந்திருந்தவற்றையும் நாம் எண்ணிப்பார்த்தல் தகும். காலணிகள் சுவிஸ் நாட்டவை. காலுறைகள் மனைவி ஆங் லாமு பின்னியவை. கம்பளித் தொப்பி டென்மன் விட்டுச்சென்றது. கழுத்திலிருந்த சிவப்புத் துணி லம்பேர்ட் அளித்தது. முந்திய தோல்விகளில் உடனிருந்தோரின் அன்பளிப்புகளும் அவருடன் சிகரம் ஏறின.

எனினும் சுமந்தவர்களுக்குரிய மதிப்பு அக்காலத்திற் கிடைத்ததா? பயணத்தின் தொடக்கத்தில், காத்மண்டுவிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தில், ஷெர்பாக்களுக்குக் கழிப்பறையற்ற வாகனக் கொட்டிலொன்றே தங்குவதற்கு வழங்கப்பட்டது. அவர்களின் சினத்தை ஆற்றும் பொறுப்பு, ஷெர்பாக்களின் தலைவராகவும் ஏறுநர் குழுவின் முழு உறுப்பினராகவும் இருந்த டென்சிங் மீதே விழுந்தது. வெற்றியின் பின் ஹண்டும் ஹிலறியும் ‘சேர்’ பட்டம் பெற்றனர். டென்சிங்குக்கு ஜோர்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. சிகரத்தில் முதலிற் கால்பதித்தவர் யார் என்ற சர்ச்சையும் பல நாட்டவரால் வளர்க்கப்பட்டது. ஹிலறியே சில அடிகள் முன்சென்றார் என்பதைத் தமது வாழ்க்கை வரலாற்றில் வெளிப்படையாகக் கூறி டென்சிங் அதற்கு முடிவு கட்டினார்.

1954 இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவகம் நிறுவப்பட்டபோது அதன் களப்பயிற்சிப் பணிப்பாளரானார். முடிச்சிடுவது முதல் முகாமிடுவது வரை பல ஆண்டுகள் இளையோருக்குப் பயிற்றுவித்த அவர், 1986 மே 9 ஆம் திகதி டார்ஜிலிங்கிற் காலமானார்.

அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்தபின், 2014 ஏப்ரல் 18 இல், எவரெஸ்டின் கும்பு பனிப்பாறைப் பகுதியில் நிகழ்ந்த பனிச்சரிவு நேபாளத் தொழிலாளர் 16 பேரின் உயிரைப் பறித்தது. பிறரின் ஏற்றத்துக்கு வழி அமைப்பதும் பொருள் சுமப்பதுமே அவர்களின் தொழிலாகும். அக்குடும்பங்களுக்கு அரசு முதலில் அறிவித்த 40,000 நேபாள ரூபா பெருஞ் சினத்தைக் கிளப்பியது. ஷெர்பாக்கள் வேலையை நிறுத்தினர்.

பயணத்துக்கு மூட்டை கட்டுவோர் கயிறு, கூடாரம், ஒட்சிசன் என யாவற்றையும் ஒன்றும் விடாமற் பட்டியலிடுகின்றனர். அந்த மூட்டையைச் சுமக்கப் போகும் மனிதரின் காலணி, கூலி, காப்புறுதி, உறங்கும் இடம் என்பனவும் அதே பட்டியலில் இடம்பெறும்போதுதான் ஆயத்தம் நிறைவுறும். டென்சிங்கின் வாழ்விலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் இதுவே.