விரல்களைப் பழக்கிய வித்தகர்

கிட்டார் கற்கத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு முழுப் பாட்டையும் வாசித்துவிட வேண்டும் என்ற ஆசை எழும். அப்படிப்பட்ட தோழியர் நம் வகுப்பிலும் உண்டு. அவர்களுக்காகவே பிரான்சிஸ்கோ தாரெகா என்னும் மாமேதையின் வாழ்க்கையை இங்கு எழுத விழைகிறோம்.

ஸ்பெயின் நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள வில்லாரியால் என்னும் ஊரில் 1852-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் ஏழைகள். அவ்வூர்க் கன்னியர் மடத்தில் வேலை செய்து வாழ்ந்தவர்கள். தந்தைக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும். குழந்தைப் பருவத்தில் தாரெகா வாய்க்கால் ஒன்றில் விழுந்துவிட, அவருடைய கண்கள் பாதிக்கப்பட்டன. பார்வை அடியோடு போய்விட்டால் மகன் எவ்வாறு பிழைப்பான் என்று தந்தை கலங்கினார். இசையாவது கைகொடுக்கும் என எண்ணி, குடும்பத்துடன் காஸ்டெல்லோன் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சிறுவனுக்கு இசை கற்பித்த ஆசிரியர் இருவருமே பார்வையற்றவர்கள்! நல்லவேளையாக, தாரெகாவின் பார்வை முழுவதும் போய்விடவில்லை.

1862-இல் ஹூலியன் ஆர்காஸ் என்ற புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் அந்நகருக்கு வந்தார். சிறுவனின் வாசிப்பைக் கேட்டு, பார்சிலோனாவில் தம்மிடம் அனுப்பும்படி தந்தையிடம் கூறினார். பியானோவும் சேர்த்துக் கற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தந்தை இசைந்தார். ஆனால் ஆர்காஸ் வெளிநாட்டுப் பயணம் புறப்பட்டுவிடவே, நம் சிறுவன் அந்தப் பெருநகரின் காபிக்கடைகளில் தனியாகக் கிட்டார் வாசித்துத் திரிந்தான். தந்தை தேடிப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். சில ஆண்டுகளில் மீண்டும் வீட்டை விட்டு ஓட்டம்! பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

1869-இல் செவில் நகரில் அந்தோனியோ தோரெஸ் என்ற கைதேர்ந்த கலைஞர் செய்த கிட்டார் அவருக்குக் கிடைத்தது. 1874-இல் மட்ரிட் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் கிட்டாருக்கு அவ்வளவு மதிப்பில்லை. மதுக்கடையிலும் நடனக் கூட்டத்திலும் வாசிக்கத்தக்க கருவி என்றே பலர் கருதினர். பிழைப்புக்குப் பியானோவே ஏற்றது. கல்லூரியில் தாரெகா கிட்டார் வாசித்ததைக் கேட்ட அரியேத்தா என்ற இசைப் பேரறிஞர், பியானோவை விட்டுக் கிட்டாரையே பற்றிக்கொள்ளுமாறு அவரை ஊக்குவித்தார். இளைஞர் துணிந்து முடிவெடுத்தார். பெரிய அரங்குகளில் பியானோவுக்குக் கிடைக்கும் மதிப்பைக் கிட்டாருக்கும் பெற்றுத் தருவதே அவரது குறிக்கோளாயிற்று.

இத்தனை பெரிய குறிக்கோளை ஆறு நரம்புகளைக் கொண்டு எப்படி அடைவது? இங்குதான் அவரது பயிற்சி முறை நம்மை வியக்க வைக்கிறது. காலையில் எழுந்ததும் கிட்டாரும் கையுமாக அமர்ந்துவிடுவார். எடுத்த எடுப்பில் பாட்டு வாசிக்க மாட்டார். முதலில் சுரவரிசைகள், பிறகு நரம்புகளை ஒவ்வொன்றாக மீட்டும் பயிற்சி, அதன் பின் இடக்கை விரல்களுக்கு உரிய பயிற்சி, அதற்கும் பின்னர், கை தடுமாறும் கடினமான இடங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரம்! உலகப் புகழ் பெற்ற பிறகும் இந்த ஒழுங்கை அவர் கைவிடவில்லை. கடினமான இடத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழகுவது எவ்வளவு அறிவுடைய செயல்! தெரிந்த பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது இனிமையாகத்தான் இருக்கும். தெரியாத பகுதி அப்படியேதான் கிடக்கும்.

அல்ஹம்ப்ரா அரண்மனையின் நினைவாக அவர் இயற்றிய இசையைக் கேட்டால் இரண்டு கிட்டார்கள் ஒலிப்பது போல் தோன்றும். உண்மையில் ஒருவர்தான் வாசிக்கிறார். கட்டை விரல் கீழ்ச்சுரங்களை மீட்ட, மற்ற மூன்று விரல்களும் ஒரே நரம்பை மாறி மாறி விரைவாகத் தட்டுகின்றன. மூன்று விரல்களும் ஒரே அளவு வலிமையுடன் விழாவிட்டால் அந்த அழகு கெட்டுவிடும். ஆகவே இதை மிக மெதுவாகத் தொடங்கி, ஒலி சமமான பின்னரே வேகத்தைக் கூட்டிப் பழகுகிறார்கள். ஷோபின், பீத்தோவன் போன்றோரின் பியானோ இசையையும் தாரெகா கிட்டாருக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தார். வீட்டில் பழைய நோக்கியா கைப்பேசி இருந்தால் அதன் மணியைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் அவர் இயற்றிய ஒரு வால்ட்ஸ் இசையின் துணுக்கே!

ஐம்பது வயதளவில் அவர் செய்த செயல் நம்மைத் திகைக்க வைக்கிறது. நரம்பில் நகம் படாமல் விரல் நுனியால் மட்டும் மீட்டினால் ஒலி இன்னும் மென்மையாகும் என்று கருதித் தம் நகங்களை வெட்டிவிட்டார். வாழ்நாளெல்லாம் பழகிய கையை மறுபடியும் பழக்க வேண்டியதாயிற்று. லியோபெட், புஹோல் போன்ற மாணவர்கள் அவரிடம் பயின்று புகழ் பெற்றனர். அவர்களுள் புஹோல் பின்னாளில் தம் ஆசிரியரின் வரலாற்றையும் எழுதினார்.

1906-இல் பக்கவாதம் தாக்கி அவருடைய வலப்புறம் செயலிழந்தது. மீட்டும் கை அதுதானே! ஆயினும் அவர் கிட்டாரை மூலையில் வைத்துவிடவில்லை. சிறுகச் சிறுக விரல்களை மீண்டும் அசையப் பழக்கினார். 1909 டிசம்பர் 2-ஆம் நாள் பார்சிலோனாவில் தம் கடைசிப் படைப்பை முடித்தார். ஷூமானின் இசையொன்றைத் தழுவிய மிகச் சிறிய படைப்பு அது. அதற்கு ஓரேமுஸ் என்று பெயர். இலத்தீன் மொழியில் மன்றாடுவோமாக என்று பொருள். அடுத்த 13-ஆம் நாள் தாரெகா கண்மூடினார்.